கிளாசுக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு

உலகத்தில் சாப்பாட்டுக்கும் பாருக்கும் பேர்போன ஹோட்டல்கள் என்று வருஷா வருஷம் யாராவது ஒரு பட்டியல் போடுகிறார்கள். போடுகிறவர் அத்தனை ஊருக்கும் போய், அத்தனை ஹோட்டலிலும் தின்று குடித்துவிட்டுத்தான் போடுகிறாரா என்று எனக்குத் தெரியாது. அப்படியென்றால் அவருக்கு வேறு சோலி இல்லை. என் போனுக்கு வருகிற எந்தப் பட்டியலையும் நான் விடுவதில்லை. படிக்க மாட்டேன். படத்தைப் பெரிதாக்கி மூலையைப் பார்ப்பேன். நடுவில் ஒரு கிளாஸ் பளபளவென்று நிற்கும். ஓரத்தில் மங்கலாக ஒரு தீப்பெட்டி கிடக்கும். அது எங்கள் பெட்டி.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்யும் இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். மேசை நாற்காலி கிடையாது. நீளமான கொட்டகை, வெயில் விழும் களம், குச்சித் தலைக்கு மருந்து கலக்கத் தனியாக ஒரு அறை, அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் மிஷினுக்கு மாறிவிட்டார்கள். மிஷின் சாதாரணக் குச்சிக்குச் சரி. விரல் நீளக் குச்சி, கறுப்புத் தலை, பச்சைத் தலை, துணி ஒட்டிய பெட்டி, அதிலும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் என்று கேட்டால் மிஷின் படுத்துவிடும். கை வேண்டும். அப்படிக் கேட்பவர்கள் ஹோட்டல்காரர்கள்தான். மற்ற எல்லாரும் லைட்டருக்குப் போய்விட்டார்கள். பீடி குடிக்கிறவன் லைட்டர் வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவளும் அடுப்பு லைட்டரைத்தான் சாமி முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

ஆக, உலகத்து ஹோட்டல்கள் எனக்கு அத்துப்படி. துபாயில் ஒரு கோபுரத்து உச்சியில் இருக்கும் பாருக்குக் கறுப்புப் பெட்டி, தங்க எழுத்து. தங்கம் கொஞ்சம் மஞ்சளடிக்கிறது என்று லோடையே திருப்பி அனுப்பியவர்கள். லண்டனில் பழைய ஹோட்டல் ஒன்றுக்குக் கரும்பச்சைப் பெட்டி. பேர் கிடையாது, ஒரு நரி படம் மட்டும். பேர் இல்லாவிட்டால் எந்த ஹோட்டல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும் என்றார்கள். சிங்கப்பூரில் சிவப்புப் பெட்டி. பெட்டியில் பாதிக்கு மேல் குச்சி போடக் கூடாது, நிறைய இருந்தால் மளிகைக் கடைப் பெட்டி போல் இருக்கிறதாம். பாரிஸ்காரர்களுக்குக் குச்சி அணைந்த பிறகு சந்தன வாசனை வர வேண்டும். கந்தகத்தோடு சந்தனம் சேர்ந்தால் என்ன வாசனை வரும் என்று நான் சொன்னால் அச்சில் ஏற்ற மாட்டார்கள். இதில் ஒரு ஹோட்டலையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஹோட்டல்காரன் எப்படிப்பட்டவன் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இவையெல்லாம் ஒரே கம்பெனியின் ஹோட்டல்கள். சாமான் வாங்கும் மேனேஜர் சென்னையில், அவர்களுடைய ஹோட்டலிலேயே உட்கார்ந்திருக்கிறார். போன வருஷம் அவர் போன் பண்ணினார். இனிமேல் தீப்பெட்டி தேவையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். நேரில் வந்தால் பேசி முடிவெடுக்கலாம், பெட்டி எப்படிப் பயன்படுகிறது என்பதையும் நாங்கள் பார்த்த மாதிரி இருக்கும் என்றார்.

அந்த ஆர்டர் போனால் எங்கள் கொட்டகையில் கைவேலை கிடையாது. மற்ற பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டாவது ஸ்பின்னிங் மில் வேனில் ஏறிவிடுவார்கள். என் நாத்தனார் ஏற முடியாது. அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிக் கிடக்கும். எங்களுக்குச் சொந்தமாக ஆபீஸ் இல்லாத காலத்தில், வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது தீயில் மாட்டினாள். மில்லில் கேட்டுப் பார்த்தாயிற்று. கையைப் பார்த்தார்கள், பிறகு சொல்லுகிறோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மடங்குகிற விரல்களை வைத்துக்கொண்டு அவள் கட்டை அடுக்குகிற வேகத்துக்கு எங்கள் கொட்டகையில் ஆள் கிடையாது. கட்டை என்றால் வரிவரியாகக் குச்சி செருகுகிற சட்டம். குச்சி நிறைந்த சட்டத்தைத்தான் மருந்தில் முக்குவோம். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆபீஸில் யாரும் 'தீ' என்று கத்த மாட்டார்கள். கத்தினால் கூட்டம் வாசலுக்கு ஓடும், ஒருத்தி மேல் ஒருத்தி விழுவாள். 'சாக்கு' என்றுதான் கத்த வேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலை, சாக்குகளைத் தொட்டியில் நனைத்து வரிசைக்கு ஒன்றாகப் போடுவது. யாராவது சாக்கு என்று கத்தினால் முதல் ஆள் ஈரச்சாக்கை எடுத்துப் போட்டு அமுக்க வேண்டும். இரண்டாவது ஆள் பக்கத்தில் இருக்கும் குச்சியையும் பெட்டியையும் இழுத்துவிட வேண்டும். மூன்றாவது ஆள் மணல் வாளி. யோசிக்கக் கூடாது. யோசித்தவள் கை என் நாத்தனார் கை மாதிரி ஆகிவிடும். இதை அவளே சொல்லித்தான் புதிதாக வருகிறவர்களைப் பழக்குவாள்.

நானும் நாத்தனாரும் சென்னைக்கு ரயிலேறினோம். வீட்டுக்காரர் இடைசெவல் காட்டில் உளுந்து விதைப்பு என்று கழன்றுகொண்டார். மழையே வராத மாதத்தில் என்ன விதைப்பு என்று நான் கேட்கவில்லை.

ஹோட்டல் வாசலிலேயே முதல் மரியாதை கிடைத்தது. செக்யூரிட்டிக்காரர் பையைத் திறந்து சாம்பிள் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தார்.

"எக்கா, தீப்பெட்டி உள்ள கொண்டு போவக் கூடாது."

"பெட்டியில என்ன பேரு போட்டிருக்குன்னு பாருங்க. உங்க ஹோட்டல் பேருதான்" என்றேன்.

"பேரு எங்க பேருதான்க்கா. ஆனா அது தீப்பெட்டில்லா?"

பேச்சைக் கேட்டதும் என் நாத்தனாருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நீங்க எந்த ஊரு தம்பி?"

"விளாத்திகுளம் பக்கம், குளத்தூருக்கா."

"பாத்தியளா மதினி, நம்ம ஊருக்காரருதான். நாங்க கோவில்பட்டி, தம்பி. சொந்த ஊருக்காரவியள உள்ள விடமாட்டியளோ?"

"உங்கள விடுதேன்க்கா. பெட்டியத்தான் விடமாட்டேன்."

பெட்டிகளை ஒரு தட்டில் வைத்து எங்களிடம் டோக்கன் கொடுத்தார். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போகிற மாதிரி, நாங்கள் செய்த பெட்டியை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச உள்ளே போனோம்.

மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். நல்ல மாதிரியாக இருப்பவர்களைத் திட்ட முடியாது, அதனால் அவர்களை எனக்குப் பிடிக்காது. முதலில் சாப்பிடலாம் என்று மாடிக்குக் கூட்டிப் போனார். அந்த ரெஸ்டாரண்டுக்கு விருதெல்லாம் கிடைத்திருக்கிறதாம். பெரிய பெரிய தட்டில் சின்னச் சின்னதாக என்னென்னவோ வந்தது. எது சாப்பிடுவது, எது அலங்காரம் என்று தெரியாமல் என் நாத்தனார் ஒரு இலையைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நாலாவதோ ஐந்தாவதோ ஒரு கறுப்புக் கல் வந்தது. கல்லில் சின்னக் குழி. குழியில் ஒரு கரண்டி கம்பங்கூழ். மேலே பாதி மோர்மிளகாய்.

பரிமாறினவர் கையைக் கட்டிக்கொண்டு விளக்கம் சொன்னார். தெற்கே கரிசல் மண்ணில், வானத்தை மட்டும் நம்பி விளைந்த கம்பாம். வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டால் அந்த மண்ணின் வாசனை தெரியுமாம்.

என் நாத்தனார் கண்ணை மூடித்தான் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "மண்ணு வாசன அடிச்சா ஒழுங்காப் புடைக்கலன்னு அர்த்தம் மதினி" என்றாள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிச்சப் பாதி மொளகாய எவன் தின்னுருப்பான்?"

"பேசாமச் சாப்பிடுட்டி" என்றேன்.

"சாப்பிட என்ன இருக்கு? அதான் முடிஞ்சிட்டே."

ருசி நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய். எங்கள் வீட்டுக் கூழைவிட நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அப்புறம் பாருக்கு. வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. எங்கள் ஊரில் பார் என்றால் அரசாங்கச் சரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறிவிடுவோம். அங்கேயும் இருட்டுதான். அங்கே விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் போக வேண்டும். இங்கே விழுந்தாலும் அடிபடாதபடி கம்பளம் போட்டிருந்தார்கள்.

"மதினி, யாராச்சும் நம்ம ஊருக்காரவிய பாத்துட்டா?" என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"பாக்கவனும் இதுக்குள்ளதான உக்காந்திருப்பான்? வெளிய போயிச் சொல்லமாட்டான்."

உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து இரண்டு எலுமிச்சை சோடா கேட்டோம். உப்புப் போட்டு. எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பார்மேன் தாடி வைத்த பையன், தோல் ஏப்ரன் கட்டியிருந்தான். "இப்பப் பாருங்க மேடம், உங்க ப்ராடக்ட்" என்றார் மேனேஜர்.

பையன் பெட்டியைத் திறந்தான். துபாய்க்குப் போவது போலவே கறுப்புப் பெட்டி, தங்க எழுத்து. நீளக் குச்சியை எடுத்து ஒரே உரசல். பற்றியது. பொறி தெறிக்கவில்லை, தலை உதிரவில்லை, சுடர் சாயாமல் நின்றது. ஆபீஸுக்குப் பின்னால் உடைமரத்தடியில் நின்று ஒவ்வொரு லாட்டிலும் ஒரு குச்சி உரசிப் பார்க்கிறவள் நான். இவ்வளவு அழகாக எரிந்து நான் பார்த்ததில்லை. அங்கே வெயிலில் சுடர் தெரியாது. இங்கே இருட்டு. நாங்கள் செய்கிற சாமான் எப்படி இருக்கும் என்று முதல்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். நாத்தனார் என் தொடையை இடித்தாள். அவளுக்கும் பெருமைதான்.

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். இரண்டு வெள்ளித் தம்ளரில் ஒன்றில் சரக்கை ஊற்றிப் பற்றவைத்தான். நீலமாக எரிந்தது. அதைக் கையை உயர்த்தி இன்னொரு தம்ளருக்கு ஊற்றினான். டீக்கடையில் டீ ஆற்றுவது போல அந்தப் பாவி தீயை ஆற்றினான். மேலிருந்து கீழே ஒரு கயிறு மாதிரி தீ இறங்கியது. ஒரு சொட்டு மரப்பலகையில் விழுந்து அங்கேயும் எரிந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளித் திறந்து வைத்த தீப்பெட்டி.

"சாக்கு!" என்று கத்தினாள் என் நாத்தனார்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. பக்கத்தில் ஐஸ் வாளியில் ஒரு துணித்துண்டு கிடந்தது. ஐஸோடு சேர்த்து அள்ளித் தம்ளர் மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். தம்ளர் உருண்டது, கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. நாத்தனார் அதற்குள் தீப்பெட்டி, காகிதத் துண்டு, சரக்கு பாட்டில் எல்லாவற்றையும் முழங்கையால் வழித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். மூன்றாவது ஆளாக நின்றவர் மேனேஜர். வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"ஏலே, என்னத்தப் பாத்துட்டு நிக்க? மணல எடு!" என்று அவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

அவர் மணலைத் தேடினார். உண்மையாகவே குனிந்து தேடினார்.

தீ அணைந்தது. என் சேலையெல்லாம் ஐஸ் தண்ணீர். பார்மேன் சுவரோடு ஒட்டி நின்றான். வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வேடிக்கையில் இதுவும் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். நாத்தனார் வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். கை தட்டியவர்களுக்கு அது எதற்கு என்று தெரிந்திருக்காது.

மேனேஜர் எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப் போய் டீ வரவழைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். தீப்பெட்டி செய்யற நீங்களே இவ்வளவு பயப்படறீங்க. எங்க கெஸ்ட் நிலைமைய யோசிச்சுப் பாருங்க."

"நான் பயப்படல. அணைச்சேன்."

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன். நெருப்பே வேண்டாம்னு எனக்கு இப்பத் தெளிவாயிடுச்சு." நாங்கள் வரும்போது அவர் மனது இரண்டாகத்தான் இருந்ததாம். ஒன்றாக்கியது நாங்கள்தான். "ஆனா பெட்டி ரொம்ப அழகு. கெஸ்ட் எல்லாம் ஆசையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. பெட்டி தொடரட்டும். உள்ள குச்சிக்குப் பதிலா டூத்பிக் போட்டுக் குடுத்துடுங்க."

"பல்லு குத்துத குச்சியா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா மேடம்."

"ஒரு கரண்டி கூழு குடுக்கிய. அதுல பல்லுல என்னத்த மாட்டப் போவுது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பல்குச்சிப் பெட்டி என்றால் மருந்து கிடையாது, கட்டை கிடையாது. வாங்கிப் போட்டு அடைக்க வேண்டியதுதான். அதை மிஷின் செய்யும். யோசித்துச் சொல்லுகிறேன் என்று எழுந்தேன். வாசலில் டோக்கனைக் கொடுத்துப் பெட்டிகளைத் திரும்ப வாங்கினோம். "போன காரியம் நல்லபடியா முடிஞ்சிட்டாக்கா?" என்று கேட்டார் குளத்தூர்க்காரர். "நல்லா முடிஞ்சிட்டு" என்றேன்.

ஊருக்கு வந்தோம். கையில் இருந்த ஆர்டர் முடிந்ததும் கட்டைகளைக் கழுவிச் சுவரோடு சாய்த்துவைத்தோம். பெண்கள் ஒவ்வொருத்தியாக மில் வேனை விசாரிக்க ஆரம்பித்தார்கள். நாத்தனார் மட்டும் வழக்கம்போல வந்து சாக்குகளை நனைத்து வரிசையாகப் போட்டாள். குச்சியே இல்லாத கொட்டகையில் ஈரச்சாக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது.

"எதுக்குட்டி இத நனைக்க? பல்குச்சியா வெடிக்கப் போவுது?"

"கை சும்மா கிடக்க மாட்டேங்கு மதினி" என்றாள்.

ஆர்டர் வேண்டாம், பல்குச்சி அடைக்க எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடத்தான் மனதில் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கடுமையான வார்த்தைகள். அதற்குள் மேனேஜரே போன் பண்ணினார். குரல் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்குக் கை தட்டிய புருஷனும் பெண்டாட்டியும் மறுநாளும் வந்து அதையே கேட்டார்களாம். கூடச் சிநேகிதர்களையும் கூட்டி வந்தார்களாம். பார்மேன் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணித்துண்டை வைத்துச் செய்து காட்டினானாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கத்தல் இல்லையே என்று குறைப்பட்டார்களாம்.

"இப்ப அத எல்லா ஊர்லயும் கொண்டு வரப் போறோம் மேடம். தீப்பெட்டி முன்ன மாதிரியே வேணும். கூடவே அன்னைக்கு அந்த அக்கா கத்தினாங்களே, சாக்கு, அதுவும். சின்னச் சின்னத் துண்டா வெட்டி அனுப்ப முடியுமா? பழைய சாக்கா இருந்தா இன்னும் நல்லது."

"பழசுன்னா உர மூட்ட வாடை அடிக்கும்" என்றேன்.

"அதுதான் மேடம் வேணும்."

நெருப்பே வேண்டாம் என்றவர் இவர். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. எனக்குக் கோபம் உண்டு, மூளை இல்லாமல் இல்லை. பழைய சாக்கு அனுப்ப முடியாது, புதுச் சாக்குதான், அதையும் வெந்நீரில் அலசித்தான் தருவோம் என்றேன். பார்மேனுக்கு எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். போனை நாத்தனாரிடம் கொடுத்தேன்.

"தம்பி, சாக்கப் பிழிஞ்சிராத. சொட்டச் சொட்ட இருக்கணும். கிளாஸ் நனஞ்சிரும்னு பாக்காத. கிளாஸ் போனா வாங்கிக்கிடலாம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து "ஓகே மேடம், ஓகே மேடம்" என்று கேட்டது.

போன மாதம் வந்த பட்டியலில் எங்கள் பெட்டி மூலையில் இல்லை. கிளாசுக்குப் பக்கத்திலேயே, தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளித் தட்டில் மடித்துவைத்த ஈரச்சாக்குத் துண்டு. கீழே நாலு வரி எழுதியிருந்தார்கள். கரிசல் பூமிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் நெருப்பு வழிபாடாம். பார்மேன் 'சாக்கு' என்று குரல் கொடுத்ததும் விருந்தினர்களும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டுமாம். நாத்தனாருக்கு வாசித்துக் காட்டினேன்.

"வழிபாடா? நாம எப்பம் சாக்கக் கும்பிட்டோம்?"

"இப்பம் கும்பிடுதோம்" என்றேன்.

அவள் கட்டையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "எல்லாரும் சேர்ந்தா கத்துதாவ?"

"ஆமா."

அவள் அடுத்த வரிக்குக் குச்சி செருகினாள்.

இந்த வாரம் மேனேஜர் மறுபடியும் பேசினார். துபாய் பாரில் இந்தச் சாக்கு வேடிக்கைக்குத் தொடக்கவிழாவாம். அந்தச் சத்தம் போட்ட அக்காவைக் கூட்டிப் போக வேண்டும், டிக்கெட் அவர்களுடையது. மேடையில் அந்த வெந்த கையைக் காட்டி அவளுடைய கதையை இரண்டு வார்த்தை சொன்னால் போதும், பிறகு ஒரே ஒரு தடவை அந்தக் குரல். நான் போனைப் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னேன். விமானத்தில் போகலாம், அந்தக் கோபுரத்தைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். ஆசை காட்டவில்லை. சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

"வரலன்னு சொல்லிருங்க மதினி" என்றாள். "அங்கன நின்னு நான் சாக்குன்னு கத்தினா, நெசமாவே பயந்து கத்துவேன். அவிய கை தட்டுவாவ. வேண்டாம். சாக்கு வேணும்னா எத்தன வேணும்னாலும் வெட்டித் தாரேன்."

அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது, வர முடியாது என்று மேனேஜரிடம் சொன்னேன். நான் அவரிடம் சொன்ன மற்ற எதில் எவ்வளவு மெய் இருந்ததோ, இது மெய். சுவரில் சாய்ந்திருந்த கட்டைகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. அவள் மடியில் ஒன்று பாதி நிறைந்து இருந்தது.